சூயிங்கமும் கொழுந்து மடுவத்து வெற்றிலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சூயிங்கம் மென்றால் மன அழுத்தம் குறையும், ஞாபக சக்தி கூடும் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை எங்கள் பாடசாலையில் கைக்குக் கை மாறியது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் அடுத்த நாளே வாயில் எதையோ குதப்பிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. 2009இல் மெல்பேர்னில் உள்ள ஸ்வின்பேர்ன் பல்கலைக்கழகத்தார் 40 பேரைக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்து, ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யச் சொல்லி நெருக்கிப் பார்த்தார்கள். சூயிங்கம் மென்றபோது பதற்றம் குறைவாக இருந்தது. மன அழுத்தத்தின்போது கூடும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனின் அளவும் உமிழ்நீரில் குறைந்திருந்தது. சூயிங்கம் செய்யும் ரிக்லி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுதான் அதற்குப் பணம் கொடுத்தது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். வேறு இடங்களில் செய்த சோதனைகளில் இந்தப் பலன் எப்போதும் கிடைக்கவுமில்லை. ஞாபக சக்தி விஷயமும் அப்படித்தான். 2011இல் அமெரிக்காவின் சென் லோரன்ஸ் பல்கலைக்கழகத்தில், சோதனைக்கு முன் 5 நிமிடம் மென்ற மாணவர்கள் முதல் 15, 20 நிமிடங்கள் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். சோதனை முழுவதும் மென்றவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. சரி, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று சீனி இல்லாத ஒரு துண்டை மென்று துப்பிவிட்டு உள்ளே போகட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. இரவெல்லாம் கண் விழித்துப் படித்த பிள்ளையை அது காப்பாற்றாது.

என் கவலை வேறு. மனதை ஆற்றிக்கொள்ள எதையாவது மெல்லுவது எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பழைய பழக்கம். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து பாருங்கள். கூடையை இறக்கிய கையோடு இடுப்பில் சொருகிய சுருக்குப்பை திறக்கும். காம்பைக் கிள்ளி, வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கு வைத்து, புகையிலையில் ஒரு கிள்ளு சேர்த்து மடித்து, பக்கத்தில் நிற்பவளுக்கும் ஒன்று நீட்டுவார்கள். நிறையில் கழித்துவிட்டார்களே என்ற ஆத்திரம், நனைந்த உடம்பின் குளிர், பசி எல்லாவற்றையும் அந்த ஒரு வாய் வெற்றிலைதான் அடக்குகிறது. “இது இல்லாட்டி மலை ஏற ஏலாது டீச்சர்” என்று என்னிடம் சொல்லாத அக்காமார் குறைவு.

அவர்கள் சொல்வது உண்மைதான். பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற பொருள் நரம்புகளைத் தூண்டி உடம்பைச் சூடாக்கும். களைப்பும் பசியும் தெரியாமல் செய்யும். புகையிலை சேர்ந்தால், ஆளை அடிமையாக்கும் நிக்கொட்டினும் கூடவே போகிறது. அதனால்தான் விடுவது அவ்வளவு கஷ்டம். சும்மா ‘விட்டுவிடு’ என்று சொல்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆறுதலின் விலை மிகக் கொடியது. இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுகிறவர்கள், அவர்களுக்கும் அதே ஆபத்து. புகையிலை இல்லாமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். அது தவறு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையை அரசாங்கம் 2016இல் தடைசெய்தது. ஆனால் கொட்டைப்பாக்கு கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தின் உட்புறத்தை இறுக்கும். முதலில் கறியில் மிளகாய் பட்டால் வாய் எரியும். அப்புறம் சோற்றுக் கவளத்துக்கு வாயைத் திறக்கவே முடியாமல் போகும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் என்று எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் குணமாக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தாலே இந்த அறிகுறிகளைக் கண்டுகொள்ளலாம் என்று 1980களிலேயே நம் நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் கொழுந்து மடுவத்திலேயே அதைச் செய்ய முடியாதா? சம்பளம் வெட்டாமல் செய்ய வேண்டும். ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு யாரும் கிளினிக்குக்குப் போகமாட்டார்கள்.

சூயிங்கத்துக்கு வருகிறேன். வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்பவர்களுக்கு, பாக்குக்குப் பதிலாகச் சீனி இல்லாத சூயிங்கம் நல்ல மாற்று என்றே நினைக்கிறேன். புகையிலைக்கு அடிமையானவர்களுக்கு நிக்கொட்டின் சூயிங்கம் என்ற மருந்தே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009இலிருந்து அது உண்டு. சுருக்கென்று உறைக்கும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தில் அடக்கிவைக்க வேண்டும். புகையிலையை அடக்கிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தரவே தேவையில்லை. அந்த மருந்தைத் தோட்ட வைத்தியசாலைகளில் இலவசமாகக் கொடுக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

சூயிங்கத்துக்குக் கொடுத்த அதே அளவு இடத்தைப் பாக்குக்கும் கொடுங்கள். வாய்க்குள் தெரியும் வெள்ளைத் திட்டின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். படிக்கத் தெரியாத அம்மாமாருக்கு அதைக் காட்டி விளக்கும் பொறுப்பை என் மாணவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை