மறுபடியும் அதே மலை

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் எழுந்து நடக்க ஆரம்பிச்சிட்டேன்னு எழுதியிருந்த, படிச்சதும் தான் எனக்கு நிம்மதியே வந்துச்சு. சைக்கிள்ல ஏற அவசரப்படாத. சும்மா படுத்துக் கிடக்கேன் நல்ல ரேஸா ஒண்ணு சொல்லுன்னு கேட்டல்ல, 2025 ஜிரோ டி இத்தாலியா, இத்தாலியில மூணு வாரம் நடக்கிற அந்த சைக்கிள் ரேஸோட 20வது ஸ்டேஜ், அதாவது கடைசிக்கு முந்தின நாள். ஜெயிச்சது யாருன்னு உனக்கே தெரியும், ஆனா நீ பார்க்கலைல்ல, ஹைலைட்ஸ் வேணாம், முழுசா பாரு.

2018ல நாம சேர்ந்து பார்த்தோமே, சைமன் யேட்ஸ் 13 நாள், மொத்த நேரத்துல முன்னாடி இருக்கிறவன் போடுற பிங்க் ஜெர்சியோட மூணு ஸ்டேஜ் வேற ஜெயிச்சு கெத்தா வந்துட்டு, அந்த ஃபினெஸ்ட்ரே மலையில கால் சுத்தமா நின்னு போய், ஃப்ரூம் ஒத்த ஆளா 80 கிலோமீட்டர் முன்னாடி ஓட்டிட்டுப் போக, இவன் அன்னைக்கு மட்டும் 38 நிமிஷத்துக்கு மேல இழந்தான். நீ பாதியிலயே எழுந்து வெளிய போயிட்ட, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஏழு வருஷம் கழிச்சு அதே மலை, மேல கடைசி 8 கிலோமீட்டர் கிட்ட தார் கிடையாது, வெறும் மண்ணு ஜல்லி தான், டயர் பட்டா புழுதி கிளம்பும். ஜெர்சி 21 வயசு மெக்சிகோ பையன் தெல் தோரோகிட்ட, மொத்த நேரத்துல 43 செகண்ட் பின்னாடி கரபாஸ், யேட்ஸ் 1 நிமிஷம் 21 செகண்ட் பின்னாடி மூணாவது. இவன் விட்டு விட்டு அட்டாக் பண்ணி ஒரு கட்டத்துல கழண்டு போயிட்டான். மத்த ரெண்டு பேரும் நீ துரத்து நீ துரத்துன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தாங்க பாரு, எனக்கு டிவிக்குள்ள கைய விட்டுத் தள்ளணும் போல இருந்துச்சு. அந்தச் சின்னப் பையன் மேல எனக்குக் கோவமே இல்லடா, 11 நாள் ஜெர்சியக் காப்பாத்தினவன், முழுசா நான் துரத்தினா கரபாஸ் பின்னாடி உக்காந்து வந்து கடைசியில அடிச்சிடுவானேன்னு பயம்.

ஆனா எனக்கு அந்த ரேஸே யேட்ஸோட டீம்மேட் வான் ஆர்ட் தான். காலையிலயே பிரேக்அவேல, அதாவது கூட்டத்த விட்டுக் கழண்டு ஓடுற கும்பல்ல, முன்னாடி போயிட்டான், யேட்ஸ் மலைய தாண்டி வந்தப்போ அங்க ரெடியா இருந்தான். மலையில வேகம் கம்மி, ஒருத்தன் முதுகுக்குப் பின்னாடி ஓட்டினாலும் பெரிய லாபம் இல்ல, ஆனா கீழ பள்ளத்தாக்கு ரோட்டுல காத்து அப்படியே நெஞ்சுல அடிக்கும், அங்க இவன் மொத்த காத்தையும் தான் வாங்கிக்கிட்டு யேட்ஸ இழுத்துட்டுப் போனான். இத்தனைக்கும் சியனாவுக்குப் போன ஸ்டேஜ்ல தெல் தோரோவத் தோற்கடிச்சு ஜெயிச்ச ஆளு! அன்னைக்கு ஸ்டேஜ் ஜெயிச்சது கூட வேற ஆளு, கிறிஸ் ஹார்ப்பர்.

ஃபினிஷ் இருந்த செஸ்ட்ரியேருக்கு வர்றப்போ யேட்ஸுக்கும் தெல் தோரோவுக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம், பிங்க் ஜெர்சியும் மொத்த ஜிரோவும் யேட்ஸுக்குத்தான். யேட்ஸ் ஃபினிஷ் தாண்டினதும் அழுதுட்டான், பேச முடியல, எனக்கும் தான். 2018ல எழுந்து போனவன் நீ, அதனால தான் இத உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு.

பார்க்கிறப்போ வான் ஆர்ட் வர்ற இடத்துல நிறுத்திட்டு எனக்கு ஃபோன் பண்ணு, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவால்ல.

உன்
மாப்ள