கொடியேற்றம் முடிந்ததும் பிள்ளைகளைக் கிராம சபைக்கு அனுப்புங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லித் தரலாமா, கூடாதா என்று உங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படித்து வருகிறேன். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள் நான். என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அதனால் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 15 அன்று காலையில் ஊர்ப் பள்ளியில் கொடியேற்றுகிறார்கள். மிட்டாய் கொடுத்து, பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு அதே ஊரில், ஊர் வாக்காளர்கள் எல்லாரும் உறுப்பினராக உள்ள கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26-லும் இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்புகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. ரிப்பன் பிரபு, பல்வந்த்ராய் மேத்தா குழு, ஊராட்சிகளுக்கான 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பாடம் கண்ணெதிரே நடக்கிற நேரத்தில் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கும் கூட்டம் நடக்கும் இடத்துக்கும் பல ஊர்களில் ஒரு தெரு தூரம்தான்.

அங்கே வந்து உட்கார்ந்தால் என்னவெல்லாம் தெரியும்! ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசிப்பார். மேல்நிலைத் தொட்டி மோட்டாரை ரிப்பேர் செய்ய இவ்வளவு, தெரு விளக்குக்கு இவ்வளவு என்று வரும். யாராவது ஒரு அம்மா எழுந்து, "எங்க தெருவுக்கு ஏன் இன்னும் குழாய் வரலை?" என்று கேட்பார். சத்தம் போடுவார்கள், சமாதானம் ஆவார்கள், கடைசியில் தீர்மானம் எழுதுவார்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேராவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆள் சேராமல், வருகைப் பதிவு நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற ஊர்களும் இருக்கின்றன. பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும். 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு வந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் தேர்தலில் நிற்க முடிந்தது. ஆனாலும் சில இடங்களில் நாற்காலியில் மனைவி இருக்க, பதில் சொல்வது கணவராக இருக்கிறார். இதைப் பார்த்து ஒரு பெண் பிள்ளை மறுநாள் வகுப்பில் "ஏன் டீச்சர் அப்படி?" என்று கேட்டால், நான் சந்தோஷப்படுவேன்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காததால், தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருந்த இடத்துக்கு அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது எந்த ஆணையம், சட்டமன்றத் தேர்தலை நடத்துவது எந்த ஆணையம் என்று சொல்லித் தர இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

இன்னும் பெரிய பாடம் எங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் போன்ற ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. ஓர் ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடும், கிராம சபையும் இருக்காது என்று ஒரு பக்கம் பயந்தார்கள். பாதாளச் சாக்கடை வரும், நல்ல ரோடு வரும், குடிநீர் வரும் என்று இன்னொரு பக்கம் ஆசைப்பட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்துப் பேச விட்டால், அப்பா வீட்டு வரி ரசீதை எடுத்து வருவார், பாட்டி வேலை அட்டையை எடுத்து வருவார். ஊராட்சிகளின் பொறுப்புகளாக அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் உள்ள 29 இனங்களும் அப்புறம் தானாக மனதில் நிற்கும்.

ஆசிரியர்களுக்குப் பயம் இருக்கிறது, அது எனக்கும் புரிகிறது. அரசு ஊழியர் நடத்தை விதி கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்கிறது. அது சரிதான். யாருக்கு ஓட்டுப் போடுவேன் என்று ஆசிரியர் வகுப்பில் சொல்லவே கூடாது. ஆனால் அந்த விதியைக் காரணம் காட்டி எதையுமே பேசாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். தேவகோட்டை அருகே கண்டதேவித் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. பட்டியல் சமூகத்தார் உள்பட எல்லாச் சமூகத்தாரும் வடம் பிடிக்க வேண்டும் என்பதில்தான் பிரச்சினை. 2024-ல் பலத்த போலீஸ் பாதுகாப்போடு தேர் ஓடியது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று புத்தகத்தில் படிக்கிற பிள்ளைக்கு, பக்கத்து ஊர்த் தேருக்கு அத்தனை போலீஸ் எதற்கு என்று தெரிய வேண்டாமா? "நமக்கு எதுக்கு வம்பு" என்று பெரியவர்கள் ஒதுங்கினால், பிள்ளைகள் அதை வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்வார்கள். அங்கே யார் சொல்லித் தருவார்கள், எப்படிச் சொல்லித் தருவார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்த வயசில் அரசியல் எதற்கு என்று கேட்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் சிராவயல். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) அங்கே ஆசிரமம் நடத்தியபோது, 1927-ல் காந்தி தேடிவந்து பார்த்தார். அப்போது ஜீவாவுக்கு இருபது வயது. இப்போது பதினேழு முடிந்ததுமே வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எண்ணினால் மூன்றே வருஷம்.

கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கொடியேற்றம் முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியரே அழைத்து வரட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் அவர்கள் சபை உறுப்பினர் ஆக முடியாது, வருகைக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. ஓரமாக நிழலில் பாய் விரித்து உட்கார வைக்கலாம். டவுன் பிள்ளைகளை, அங்கே கிராம சபை போல நடக்கும் பகுதி சபைக்கு அழைத்துப் போகலாம். கூட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கேள்வி எழுதி வரச் சொல்லுங்கள். அவற்றில் நாலைந்தைத் தலைவரோ தனி அலுவலரோ வாசித்து, அங்கேயே பதில் சொல்லட்டும். எங்கள் ஊரில் இதற்கு அனுமதி கிடைத்தால் பாய், தண்ணீர், மோர் எல்லாம் நாங்கள் மகளிர் குழுவிலிருந்து ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர்,
சாக்கோட்டை ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்