தீர்த்தக்கேணித் திருப்பணி: கணக்கும் ஒரு வழக்கும்

வட்டார மக்களுக்கும் திருப்பணிக் குழு அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

2025 மே 6 ஆந் திகதிப் பிரதேச சபைத் தேர்தலின்போது மாதம் ஒரு கடிதம் எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். இம்மாதக் கடிதத்தைக் கேணி விழுங்கிவிட்டது. மற்றவை சுருக்கமாக: பின்வீதியில் நான்கு தெருவிளக்குகள் எரிகின்றன. வாசிகசாலைக்குக் கதிரைகள் வந்துவிட்டன. டெங்குச் சிரமதானத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். வராதவர்களின் வளவுகளில்தான் சிரட்டைகள் கூடுதலாகக் கிடந்தன.

முதலில் ஒன்று. கேணி கோயிலுடையது, பிரதேச சபையின் சொத்தன்று. ஆகவே சபைப் பணம் ஒரு ரூபாவும் இதில் இல்லை. சபை உறுப்பினராக நான் எதையும் ஒதுக்கவில்லை. குழுச் செயலாளராக ஓடித் திரிந்தேன், அவ்வளவுதான். தேநீர்க் கடையில் இதற்கு வேறு பாடம் சொல்லப்படுவது என் காதுக்கும் எட்டியது.

கேணியைத் தூர்வாரித் திருத்தும் வேலைக்கு மதிப்பீடு 8 இலட்சம் ரூபா. முடிந்தபோது 1,025,500 ரூபா. 225,500 ரூபா கூடியது எப்படி என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எப்படிக் கூடவிருந்தது, எங்கே தடுத்தோம் என்பதையும் கேளுங்கள்.

கேணி அறுபது அடிக்கு அறுபது அடி. வேலை தொடங்குமுன் ஒன்பது இடங்களில் கம்பி குத்திப் பார்த்தோம். சேறும் மண்ணும் சராசரி ஐந்து அடி. அதாவது 18,000 கன அடி; நூறு கன அடி ஒரு கியூப் என்பதால் 180 கியூப். ஏற்றிப் பறிப்பது உட்படக் கியூப் ஒன்றுக்கு 2,500 ரூபா என்று ஒப்பந்தம். மொத்தம் 450,000 ரூபா. எல்லோரும் தலையாட்டினோம்.

ஆவணி நடுவில் ஒப்பந்தகாரர் துண்டை நீட்டினார்: 117 டிப்பர், டிப்பருக்கு இரண்டு கியூப், ஆக 234 கியூப். 585,000 ரூபா. கேணி ஒரே இரவில் 54 கியூப் வளர்ந்துவிட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. டிப்பர்களை எண்ணியது நம் பெடியன்கள்தான், 117 சரி. ஆனால் வாழைக்குக் குழி வெட்டிய எவருக்கும் தெரியும்: வெட்டிய மண்ணை அதே குழிக்குள் திரும்பப் போட்டால் கும்பி நிற்கும். இறுகிக் கிடந்த மண் கிளறினால் பொங்கும். நாங்கள் பேசியது குழியளவு, அவர் கேட்டது ஏற்றளவு. உடன்படிக்கையில் இருந்ததோ வெறும் ‘கியூப்’ என்ற சொல் மட்டும். எந்தக் கியூப் என்று எழுதாமல் விட்டவன் நான். அந்தப் பிழையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மேல் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

பணம் வரும்வரை வேலை இல்லை என்று, மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தைக் கேணிக்குள்ளேயே நிறுத்திவிட்டு அவர் சாவியுடன் போனார். பதினொரு நாட்கள் அது அங்கேயே நின்றது. ஐப்பசி மழை இறங்கினால் இயந்திரமும் போகும், நம் வேலையும் போகும். சிலர் கொடுத்துத் தொலையுங்கள் என்றார்கள். சிலர் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஒருவர், உறுப்பினருக்கும் ஒப்பந்தகாரருக்கும் ‘கணக்கு’ ஒன்று இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை.

அன்றிரவு பழைய கோவையைக் கிளறியபோது கம்பி குத்திய அளவுத் தாள் அகப்பட்டது. ஒன்பது அளவும், கீழே 180 கியூப் என்ற கூட்டுத்தொகையும், அதன்கீழ் ஒப்பந்தகாரரின் கையொப்பமும். மை கலங்கியிருந்தது; கையொப்பம் கலங்கவில்லை. மறுநாள் கோயில் மடத்தில் தாளை அவர் முன் வைத்தோம். நெடுநேரம் பார்த்தார். பின்னர், ஊற்றுத் தண்ணீரை மூன்று நாள் இரவுபகலாக இறைத்த செலவு ஒப்பந்தத்தில் இல்லையே என்றார். அது நியாயம். 45,000 ரூபா கொடுத்தோம். 135,000 ரூபாவுக்கு வந்த வழக்கு அதோடு முடிந்தது. அந்தத் தேநீர்க் கடையில் இதையும் சொல்லுங்கள்.

மீதி மிகைச் செலவு ஏறக்குறைய முழுவதும் வடக்குச் சுவரால் வந்தது. மண்தான் அதுவரை சுவரைத் தாங்கி நின்றிருக்கிறது. மண் போனதும் வயிறு தள்ளியது. திருத்தத்துக்கு 230,000 ரூபா போட்டிருந்தோம், பிரித்துக் கட்டியதில் 410,000 ரூபா போயிற்று. கொங்கிறீற்று வார்த்து மாபிள் பதிக்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து இருவர் படம் அனுப்பினார்கள். சுவரை நீர் புகாமல் அடைத்துவிட்டால் ஊற்று எந்த வழியால் வருவது? சேற்றுக்குள் புதைந்து கிடந்த பழைய பொழிகற்களையே கழுவி எடுத்துக் கட்டினோம்.

இன்னும் ஆழப்படுத்தவில்லை என்பது அடுத்த குறை. அடியில் சுண்ணக்கற்பாறை தெரிந்தவுடன் நிறுத்தச் சொன்னது நான்தான். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. மழைநீர் பாறை வெடிப்புகளால் இறங்கி, உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதைத்தான் நாம் குடிக்கிறோம். பாறையை உடைத்து உவரைக் கூப்பிட்டுவிட்டால் அயற் கிணறுகளுக்கு யார் பதில் சொல்வது?

படிகளும் கம்பிவேலியும் 98,000 ரூபா. தேநீர், தாள், போட்டோப்பிரதி 22,500 ரூபா.

மண் 117 லோட்டில் 57 லோட் பாடசாலை மைதானப் பள்ளத்துக்கு இலவசம். 60 லோட் தோட்டக்காரருக்கு லோட் 2,000 ரூபாவுக்கு விற்று 120,000 ரூபா வந்தது. அதில் இரண்டு லோட் என் மைத்துனரின் புகையிலைத் தோட்டத்தில் கிடக்கிறது, உண்மை. பற்றுச்சீட்டு இலக்கம் 31, 32. அவரிடம் ஒரு ரூபாவும் குறைக்கவில்லை. அதற்காக அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தந்தவர்கள். பெயர் போடவேண்டாம் என்று பாதிப்பேரும், முதலில் போடுங்கள் என்று மீதிப்பேரும் கேட்டதால், பெயர்கள் திகதி ஒழுங்கில் வாசிகசாலைப் பலகையில் மட்டும் உள்ளன. இங்கே வீட்டு அடையாளம்: கனடாவிலிருந்து பழைய தபாற்கந்தோர் வளவுப் பிள்ளைகள் 200,000 ரூபா; பாரிஸிலிருந்து நெசவுசாலையடிச் சகோதரர்கள் 150,000; லண்டனிலிருந்து தலைமை ஆசிரியர் வீட்டு மருமகன் 150,000; சுவிஸிலிருந்து ஆலடி வீட்டார் தாயாரின் நினைவாக 100,000; நோர்வேயிலிருந்து தச்சனார் வளவு மகள் 75,000. ஊருக்குள் 112 வீடுகள் சேர்ந்து 265,000 ரூபா. அதில் முந்நூறு ரூபாவை நூறு நூறாக மூன்று தடவை கொண்டுவந்து தந்த கடலைக்கார அம்மாவும், வேலை நடந்த நாளெல்லாம் மத்தியானச் சோறு தந்த மாதர் சங்கமும் உண்டு. சோற்றுக்கு நாங்கள் விலை போடவில்லை. மொத்தம் 940,000 ரூபா.

மண் விற்ற பணத்தையும் சேர்த்து வரவு 1,060,000 ரூபா. கையிருப்பு 34,500 ரூபா, கோயில் வங்கிக் கணக்கில். கணக்குப் புத்தகம் பின்னேரம் 4 மணி முதல் 6 மணி வரை வாசிகசாலை மேசையில் இருக்கும். இரவில் வீட்டுக்கு வந்து படலையைத் தட்ட வேண்டியதில்லை.

ஒன்று மிச்சம். பெக்கோ திரும்பும்போது ஆவுரஞ்சிக் கல்லில் இடித்துவிட்டது. இன்று மாடு வந்து உரஞ்சுவதில்லை என்றாலும், நம் முன்னோர் வாயில்லாச் சீவனுக்காக நட்ட கல் அது. கல்லை நிமிர்த்தி நட்டுவிட்டோம், மேல் மூலைத் துண்டு மட்டும் இல்லை. யாரோ எடுத்து வைத்திருக்கிறீர்கள். துண்டு கிடைத்தால் ஒட்டித் தரலாம் என்று மேசன் சொல்கிறார். வாசிகசாலைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள், யாரென்று கேட்கமாட்டோம்.