கழுகு பனியன் விஷயமாக அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியப்பா மகன் போன வாரம் வந்து பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனான். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒன்றுகூட உடையவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில்தான் வழியில் கசிந்து உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் எண்ணெயில் ஊறிவிட்டது, அத்தானைப் பற்றி நீ எழுதியதில் பாதி படிக்க முடியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். போனில் "சாப்பிட்டியா, குளிர் எப்படி இருக்கு" என்பதோடு வைத்துவிடுகிறவள், காகிதத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாய். நானும் எழுதியே அனுப்புகிறேன், போனில் சொன்னால் அத்தான் ஸ்பீக்கரில் போடச் சொல்வார்.

குளிர் இருக்கிறது, பழகிவிட்டது. ஹீட்டர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, மூக்கெல்லாம் காய்ந்துவிடுகிறது, அதனால் போடுவதில்லை. கூட இருந்த இரண்டு பையன்களும் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள், வீடு இப்போது விசாலமாக இருக்கிறது. ஷிப்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், நல்ல ஓய்வு. இங்கே லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் நம்மவர் கடைகளில் முருங்கைக்காய் முதற்கொண்டு எல்லாம் கிடைக்கிறது, விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். போன ஞாயிறு சொதி வைத்தேன். டின்னில் வரும் தேங்காய்ப்பாலில் முதல் பால் ஏது, இரண்டாம் பால் ஏது, எல்லாம் ஒரே பால். சாப்பிடலாம்.

சரி, சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு அரியர் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் கிட்டாரைப் போட்டு அலறவிடுகிறான், தெருவே வந்து சண்டை போடுகிறது, போதாததற்குக் கழுகுப் படம் போட்ட கறுப்பு பனியனைக் கழற்றவே மாட்டேன் என்கிறான், கழுகைச் சுற்றி நாலு வெள்ளைக்காரன் பெயர், இது என்ன கட்சியா, மதமா, போதைக் கும்பலா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் உறுதியாகத் தெரிந்துகொண்டு எழுதலாமே என்று கீழ்வீட்டுக்காரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரைப் பற்றித்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேனே, பச்சைத் தலைமுடி, ராத்திரியில் நரிக்குக் கோழித்துண்டு வைக்கிறவர், பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் வீடு எப்போதும் கதகதப்பாக இருக்கும், அதனால் நான் அடிக்கடி போய் உட்காருவதுண்டு.

அது ரமோன்ஸ் என்கிற பங்க் பாட்டுக் கோஷ்டியின் சின்னம், அக்கா, பங்க் என்றால் வேகமும் சத்தமுமாக ஓடும் ஒரு வகை ராக். நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கத்துப் பையன்கள். ஜானி, ஜோயி, டீ டீ, டாமி, நாலு பேரும் ரமோன் என்றே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அண்ணன் தம்பி கிடையாது. அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையில் கழுகு ஒரு காலில் அம்புகளும் இன்னொன்றில் ஆலிவ் கிளையும் பிடித்திருக்குமாம், இவர்கள் அம்பை எடுத்துவிட்டு பேஸ்பால் மட்டையையும், ஆலிவுக்குப் பதில் ஆப்பிள் கிளையையும் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் உன் கழுகு. நாலு பேரும் இறந்துவிட்டார்கள், கடைசியாக டாமி 2014-ல். ஆகவே உன் மகனை யாரும் எந்தக் கும்பலிலும் சேர்த்துவிட முடியாது. கீழ்வீட்டம்மா போட்டோவை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பையன் பாட்டைக் கேட்டிருக்கிறானா, இல்லை வெறும் பனியனா?" அந்த பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பாட்டும் கேட்டதில்லை என்பது அவருடைய தீராத கோபம்.

அவர் கேட்டவர். 1976 ஜூலை 4, வட லண்டனில் ரவுண்ட்ஹவுஸ், அது பழைய ரயில் எஞ்சின் கொட்டகை. அவருக்கு அப்போது பதினாறு வயது, தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம் (பார், எல்லா ஊரிலும் ஒரே பொய்தான்). அந்த வருஷம் இங்கே சரித்திரத்திலேயே இல்லாத வெயில், மழை கிடையாது, உள்ளே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர். ரமோன்ஸ் மேடை ஏறி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று கத்தி ஆரம்பித்தால் ஒரு பாட்டு இரண்டு நிமிஷத்தில் முடிந்து அடுத்த "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" வந்துவிடும். அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை. அதுவரை ராக் என்றால் ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும், லாரி லாரியாகச் சாமான் வரும், வாசிக்கிறவர் பெரிய வித்வானாக இருக்க வேண்டும். இவர்களுக்குக் கிட்டாரில் மூன்றே மூன்று ஸ்வரக்கூட்டு தெரிந்தால் போதும். "அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது, இதை நானும் செய்யலாமே என்று தோன்றியது, அதற்கு முன்னால் எதைப் பார்த்தும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை" என்றார்.

நாட்டு நிலைமையும் அப்படி. அந்த 1976-ல் இங்கிலாந்தே ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நிதியத்திடம் போய்க் கடன் கேட்டு நின்றிருக்கிறது, பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை. காசில்லாதவர்கள் கிழிந்த சட்டையை ஊக்கு போட்டுச் சேர்த்து, அதையே ஃபேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பழைய தோல் ஜாக்கெட்டைக் காட்டினார், கை மடிப்பில் வரிசையாக ஊக்குகள், ஒன்றைக் கழற்றினால் துணி லைனிங்கில் துருக்கறை ஊக்கின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது. ஸ்னிஃபின் க்ளூ என்று ஒரு பத்திரிகையும் வைத்திருக்கிறார், மார்க் பெர்ரி என்கிற பேங்க் கிளார்க் பையன் 1976 ஜூலையில் தானே டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்தது. தலைப்பு பேனாவால் கையெழுத்தில், எழுத்துப் பிழை, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே. நாம் கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடித்தால்கூட இதைவிடச் சுத்தமாக இருக்கும். ஆனால் அவர் அதைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

மான்செஸ்டர் கதையும் சொன்னார். 1976 ஜூன் 4, செக்ஸ் பிஸ்டல்ஸ் அங்கே ஒரு சின்ன ஹாலில் வாசித்தார்கள் (கோஷ்டியின் பெயர் அப்படி, நான் என்ன செய்ய, அம்மாவுக்கு வாசிக்கும்போது தாண்டிவிடு). வந்தது நாற்பது பேர் சொச்சம். ஆனால் அதில் ஒருவர் மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கி, பிறகு ஜாய் டிவிஷன் என்ற கோஷ்டியில் வாசித்தார், பீட்டர் ஹுக் என்று பெயர். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பையன்களே பஸ்காக்ஸ் என்று தனியாக ஆரம்பித்து, வீட்டிலும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே 1000 இசைத்தட்டு போட்டு விற்றார்கள், கம்பெனி வாசலில் போய் நிற்கவில்லை. இன்றைக்கு அந்த ஹாலில் நானும் இருந்தேன் என்று சொல்கிறவர்களைக் கூட்டினால் ஒரு ஊரே தேறுமாம். "இங்கிலாந்திலேயே அன்றைக்கு அங்கே இல்லாத ஒரே ஆள் நான்தான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, காது மிஷினைச் சரிசெய்துகொண்டார். காது போனதே அந்தக் கச்சேரிகளில்தான். அதைச் சின்னவனுக்குக் கட்டாயம் சொல், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும்.

அவர் வாரா வாரம் போனது ராக்ஸி என்கிற பாட்டு கிளப். காய்கறி மார்க்கெட் 1974-ல் வேறு இடத்துக்குப் போனபின் காவெண்ட் கார்டன் பக்கம் பல கட்டடங்கள் காலியாகக் கிடந்தன, அங்கேதான் 1977-ல் நடந்தது. பங்க் இசைத்தட்டுகள் அப்போது நாலைந்துகூட வரவில்லை, இடைவேளையில் போட எதுவும் இல்லாமல் டான் லெட்ஸ் என்கிற ஜமைக்கா வீட்டுப் பையன் தன்னிடமிருந்த ரெகே என்கிற ஜமைக்கா இசைத் தட்டுகளைப் போட, வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிளாஷ் என்கிற இன்னொரு பங்க் கோஷ்டியின் பாட்டில் ரெகே வந்தது அந்தக் காலத்தில்தான். பாலி ஸ்டைரீன் என்ற பெண்ணை அவர் அங்கேதான் பார்த்திருக்கிறார், அப்பா சோமாலியாக்காரர், பல்லில் கம்பி, அந்தக் கம்பியோடு மேடையில் நின்று பாடினாளாம். இவருக்கும் பல்லில் கம்பி அப்போது, அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. அதற்குள் ரசிகர்கள் பாடகர் மேல் காறித் துப்புவதுதான் மரியாதை என்றும் சொல்லித் தொலைத்தார், எனக்குக் குமட்டிவிட்டது.

எனக்கு அவரிடம் பிடித்தது, எல்லாவற்றையும் பொன்னாக்கிச் சொல்வதில்லை. ஆரம்பத்தில் சிலர் பெரியவர்களை ஆத்திரமூட்டுவதற்காகவே நாஜிச் சின்னத்தை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள், மடத்தனம், என்றார். அப்புறம் 1976-ல் எரிக் கிளாப்டன் என்கிற பெரிய கிட்டார் வித்வான் பர்மிங்காம் மேடையில் வெளிநாட்டுக்காரர்களைத் துரத்த வேண்டும் என்ற பாணியில் பேசப்போக, அதற்கு எதிராகத்தான் ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கம் ஆரம்பமானது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரை இவரும் நடந்திருக்கிறார், ஆயிரக்கணக்கில் கூட்டம், கிளாஷும் பாலி ஸ்டைரீனும் பாடினார்கள். அது முடிந்து நாலே நாளில், மே 4, கிழக்கு லண்டன் வொயிட்சாப்பலில் அல்தாப் அலி என்கிற பங்களாதேஷ் தையல் தொழிலாளியை வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கொன்றுபோட்டார்கள். 25 வயது. "பாட்டுப் பாடியதால் எதுவும் நிற்கவில்லை, ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்தது" என்றார். அல்தாப் அலி பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது, நான் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போவேன், அது யார் பெயர் என்று இதுவரை யோசித்ததில்லை. இந்தப் பத்தியை அம்மாவிடம் வாசிக்காதே. இப்போது எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு அவர் ஒரு தட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு அந்தப் பாட்டில் ஒரு வார்த்தையும் புரியவில்லை, இசை என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஆனால் டிரம் வேகம் ஏற ஏற, சுடலைமாடன் கொடையில் நடுச்சாமத்துக்கு மேல் தவில் ஏறுமே, சாமியாடி கையில் தீப்பந்தம், நீ என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போவாயே, அது வந்துவிட்டது. அப்பா பந்தலுக்கு வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்பது, விடிந்ததும் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சோறு வாங்கித் தின்றது. அக்கா, எனக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போக வேண்டும். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை, டீ போட எழுந்து போய்விட்டார். இந்த வருஷம் கொடைக்கு நம் வீட்டு வரி கட்டிவிட்டாயா? கட்டவில்லை என்றால் என் பெயருக்குச் சேர்த்தே கட்டு, நான் பிறகு கொடுத்துவிடுகிறேன்.

ஆகவே கிட்டாரை உடைக்க விடாதே. அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். அரியரை முடிக்கட்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மாடியில் சத்தம் கூடாது, இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொண்டால் விட்டுவிடலாம். கிட்டார் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் பெட்டி வாங்கப் பணம் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறாய். நானே அனுப்பலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அந்த பனியனைப் போட்டவன் மாமாவிடம் காசு கேட்டு வாங்கலாமா, சொந்தமாகச் சம்பாதித்து வாங்குவதுதான் அவர்கள் முறை என்று சொல். பஸ்காக்ஸ் கடன் வாங்கினார்களே என்று மடக்குவான், அந்தப் பத்தியைக் காட்டாதே.

இந்த மாதப் பணம் இருபது தேதிக்கு மேல்தான் வரும், பேங்க் அக்கவுண்டை மாற்றுகிறேன், அதனால்தான், வேறொன்றுமில்லை. சங்கத்தில் வைத்த உன் வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டி இப்போதைக்குத் திருப்பி வை, பெரியவள் கல்யாணத்துக்குள் மீட்டுவிடலாம். தென்காசிக்காரர்கள் நகைப் பேச்சைக் கூட்டிக்கொண்டே போனால் நீயாக எதற்கும் தலையாட்டாதே, மதினியையும் பெரியப்பாவையும் வைத்துக்கொண்டு பேசு. அம்மாவின் கண் ஆபரேஷனைச் சித்திரைக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது, வெயில் வந்துவிட்டால் கட்டோடு கஷ்டப்படுவார்கள்.

சித்தப்பா பின்மனையைப் பிரிக்கச் சொல்வது நியாயம்தான், ஆனால் கிணற்றுப் பாதை பொது என்று பத்திரத்தில் எழுத்தில் வர வேண்டும், வாய்ப்பேச்சு வேண்டாம். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. பவர் பத்திரத்தின் மாதிரியை அத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இங்கே தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு: அந்த மாதிரியில் என் இனிஷியலை மட்டும் போட்டுவிட வேண்டாம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரை முழுதாக அடிக்கச் சொல். போன தடவை அதற்காகத்தான் திருப்பி அனுப்பினார்கள்.