ஊசி வந்தாலும் சிலைட்டை ஒதுக்கி வைக்காதீர்கள்

கிழக்கு மாகாணச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆபிரிக்காவில் மலேரியாத் தடுப்பூசி போடுகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து மூதூர்ப் பக்கம் ஒரு பேச்சு அடிபடுகிறது: "அதுதான் ஊசி வந்துவிட்டதே, இனியும் எதற்கு விரலில் குத்தி, சிலைட்டில் இரத்தம் தடவிப் பார்க்கிறீர்கள்?" சனம் கேட்டால் பரவாயில்லை. செலவுக் கணக்குப் பார்க்கிறவர்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது.

நுளம்பு கடித்ததும் உள்ளே போகும் கிருமி ஒரு மணித்தியாலத்துக்குள் ஈரலில் ஒளிந்துகொள்கிறது. அதற்கு முன் அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை வைத்து உடல் அதைப் பிடித்தாக வேண்டும். ஆபிரிக்காவில் போடும் ஆர்டிஎஸ்எஸ் என்ற ஊசியில் இருப்பது அந்தப் புரதத்தின் ஒரு துண்டுதான். அதை ஹெபடைடிஸ் பி வைரசின் மேற்புரதத்தோடு இணைத்து, ஈஸ்ட்டில் உற்பத்தி செய்கிறார்கள். உடலை உசுப்பிவிடச் சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுத்த சத்தொன்றும் சேர்கிறது. 1980களில் தொடங்கிய வேலை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021இல். 5,000க்கு மேற்பட்ட மரபணுக்கள் உள்ள கிருமி, ஈரலில் ஒரு வேஷம், இரத்தத்தில் இன்னொன்று. ஒற்றைப் புரதத்தோடு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம் என்பேன். ஆனாலும் நான்கு டோஸ் போட்ட குழந்தைகளிடம் நான்கு வருடத்தில் தடுத்தது ஏறத்தாழ 36 வீதம். 2023இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21 என்ற அடுத்த ஊசிக்கும் குறி அதே புரதம்தான். இரண்டுமே பல்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி வகைக்கு உரியவை. எங்கள் நாட்டை அதிகம் ஆட்டிப்படைத்த வைவாக்ஸ் என்ற மற்ற வகையை இவை தொடாது.

சரி, 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்துவிட்டது. போனது கிருமிதான், நுளம்பு அல்ல. மகாவலி வற்றி மணலில் குட்டைகள் தேங்கினால் அது பெருகும். 1963இல் நாடு முழுக்கப் 17 பேருக்குத்தான் மலேரியா. கவனம் தளர்ந்தது, 1969இல் மட்டும் ஐந்து இலட்சம் பேரளவில் விழுந்தார்கள்.

வெளிநாடு போய் வருகிறவர் கிருமியைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆகவே காய்ச்சலோடு வருகிறவருக்கு டெங்கு இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பாமல், "அண்மையில் எந்த நாட்டுக்குப் போனீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆபிரிக்கா, இந்தியா என்றால் அன்றே சிலைட். அப்புறம், ஓய்வுபெறும் நுணுக்குக்காட்டிக்காரர்களின் இடத்தைக் காலியாக விடாதீர்கள். சாயத்தில் நீல மோதிரமும் அதில் சிவப்புக் கல்லுமாகத் தெரியும் கிருமியை வருடக்கணக்கில் காணாத கண், வரும்போது தவறவிடும். பழைய பொசிட்டிவ் சிலைட்டுகளை இளம் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுத்துப் பார்க்க வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூட ஊழியர்,
திருகோணமலை