அந்த ஊசி எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஏழெட்டு மருந்துகள், அதில் ஒன்று 14 நாளைக்கு வயிற்றில் போட வேண்டிய ஊசி. எப்படிப் போடுவது என்று நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தொப்புளை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளி, தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து நேராகக் குத்த வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எதற்காகப் போடுகிறோம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வலிக்குத்தான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். ஐந்து ஊசி போட்டதும் வலி குறைந்துவிட்டது, வயிறு அங்கங்கே கன்றிப்போயிருந்தது, "போதும்மா, விடு" என்றார் அம்மா, சரி என்று நிறுத்திவிட்டோம்.

அடுத்த வாரம் அதே காலின் கெண்டைச் சதை இறுகிப்போய், தொட்டால் சுட்டது. ஆபரேஷன் செய்த கால் வீங்கத்தானே செய்யும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். பிடித்துவிடட்டுமா என்றுகூடக் கேட்டேன், நல்லவேளையாக அம்மா தொடவிடவில்லை (ரத்தம் உறைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் காலை அமுக்கிப் பிடித்துவிடவே கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது). மூன்றாம் நாள் தையல் டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தேன், நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில், காலின் ஆழத்தில் இருக்கும் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. நாங்கள் பாதியில் விட்ட ஊசி அதைத் தடுப்பதற்கான ஊசி.

ஆபரேஷன் என்றால் உடம்புக்கு அது ஒரு பெரிய காயம், அதனால் ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையத் தயாராகிவிடுகிறது. நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கிச் சுருங்கித்தான் கால் ரத்தத்தை மேலே தள்ளுகிறது, படுத்தே கிடந்தால் அந்த வேலை நின்று ரத்தம் தேங்கிவிடும். உறைந்த கட்டி காலோடு இருந்தாலாவது பரவாயில்லை, ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

வீட்டுக்கு வந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று என்று நினைக்கிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. இந்த ஆபத்து வாரக்கணக்கில் கூடவே வருகிறது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு 35 நாள் வரைக்கும், வயிற்றில் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் செய்தவர்களுக்கு நாலு வாரம் வரைக்கும் தடுப்பு மருந்து கொடுப்பது உண்டு. எல்லோருக்கும் ஊசி தேவையில்லை, ரத்தக்கசிவு பயம் இருப்பதால் டாக்டர்தான் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாலோ ஆபரேஷனுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி, முடிந்த அன்றே எழுந்து நாலு எட்டு வைப்பது, படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, இறுக்கமான ஸ்டாக்கிங்ஸையோ காலைக் காற்றால் அமுக்கிவிடும் கருவியையோ கொடுத்தால் உறுத்துகிறது என்று கழற்றிப் போடாமல் இருப்பது, இதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரோடு, "இது ரத்தம் உறையாமல் இருக்க, வலி போனாலும் இன்ன தேதி வரை நிறுத்தாதீர்கள்" என்று தமிழில் ஒரு வரி எழுதிக்கொடுங்கள். அந்த வரி இருந்திருந்தால் நாங்கள் நிறுத்தியிருக்க மாட்டோம், அம்மாவும் மூன்று மாதம் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால்கூடப் பயந்துகொண்டு இருந்திருக்க வேண்டாம்.

அக்டோபர் 13 உலக ரத்த உறைவு தினம். ரத்தம் ஏன் இப்படி உறைகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து சொன்ன ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ பிறந்த நாள். அன்றைக்காவது உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி