ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை எங்களோடு அமர்ந்து வாசித்தவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், அயல் சபைகளிலிருந்து வந்து எங்களோடு அமர்ந்து வாசித்த அன்பர்களுக்கும் வேதபாடக் குழுவின் வாழ்த்துதல்கள்.

செப்டம்பர் 1ஆம் தேதியைப் படைப்புக்கான ஜெப நாளாக அனுசரிக்கும்படி கான்ஸ்டாண்டிநோபிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் திமெத்ரியோஸ் 1989இல் அழைப்பு விடுத்தார். அந்த நாள் தொடங்கி, அசிசியின் பிரான்சிஸ் நினைவுகூரப்படும் அக்டோபர் 4 வரையிலான நாட்களைப் பல திருச்சபைகள் இன்று படைப்பின் காலமாக அனுசரித்து வருகின்றன. எங்கள் சபை இந்த ஆண்டு அக்காலத்தின் வாரநாள் மாலைகளைப் படைப்பின் வரலாற்றைக் கூடி வாசிப்பதற்கென்று ஒதுக்கியது. அது தடையின்றி நடந்தேறக் காரணமாயிருந்தவர்களுக்குச் சபையறிய நன்றி சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

முதலாவதாக, எங்கள் சேகரக் குருவானவர் ஐயா அவர்களுக்கு. பிரசங்க பீடத்தை விட்டிறங்கி, ஜமுக்காளத்தில் எங்களோடு வட்டமாக அமர்ந்து, யார் எந்தக் கருத்தைச் சொன்னாலும் “எந்த வசனத்தில்?” என்று மட்டும் கேட்டு அவர்கள் காத்திருந்ததுதான் இந்த வாசிப்பின் முறையாக அமைந்தது. அந்த ஒற்றைக் கேள்வியினால்தான், சிறுவயது முதல் ஒரே கதையாக எங்கள் மனதில் பதிந்திருந்தவை இரண்டு வரலாறுகள் என்பதை நாங்களே கண்டுகொண்டோம். முதலாம் அதிகாரத்தில் மரஞ்செடிகளும் மிருகங்களும் தோன்றிய பின்பு, ஆறாம் நாளின் முடிவில், ஆணும் பெண்ணுமாக மனிதர் சிருஷ்டிக்கப்படுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்திலோ மண்ணினால் மனுஷன் முதலில் உருவாக்கப்படுகிறான். தோட்டமும் மிருகங்களும் அவனுக்குப் பின்பும், ஸ்திரீ எல்லாவற்றுக்கும் கடைசியிலும் வருகிறார்கள். இதைக் கண்டதும் சிலருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தச் சங்கடத்தை விளக்கம் சொல்லி உடனே மூடிவிடாமல் விட்டுவைத்ததற்காக ஐயா அவர்களுக்குத் தனியாகவும் நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்து நான் நன்றி சொல்ல விரும்புவது, ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்று உறுதியாக நம்புகிற எங்கள் மூத்த சபைப் பெரியவருக்கும், அவருக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த உயிரியல் ஆசிரியைக்கும் சேர்த்து. வகுப்பில் பரிணாமம் கற்பிக்கிறவர், ஆலயத்தில் அதைப் பற்றி வாய் திறக்கலாமா என்று தயங்கியே வந்திருந்தார். சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்கள் எப்படி நாட்களாயின என்ற கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஒரிகன் எழுப்பியிருக்கிறார் என்பதும், ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய ஆதித்திருச்சபைப் பேராயர் அகஸ்டின், இயற்கையைப் பற்றி அறியாமல் பேசி வேதத்தை அவிசுவாசிகளின் நகைப்புக்கு ஆளாக்க வேண்டாம் என்று கிறிஸ்தவர்களை எச்சரித்திருக்கிறார் என்பதும் அவைக்கு வந்த பிறகுதான் அவருடைய தயக்கம் விலகியது. இவை டார்வினுக்குப் பயந்து பிற்காலத்தில் சொல்லப்பட்ட சமாதானங்கள் அல்ல என்பது எங்களில் பலருக்குப் புதிய செய்தி. பெரியவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளும்படி அவரை யாரும் கேட்கவுமில்லை. ஆயினும் ஒரு மாலைகூடத் தவறாமல் வந்து, அந்த ஆசிரியை பேசும்போதெல்லாம் காது கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் சாய்ந்து கேட்ட அந்த மரியாதைக்கு நாங்கள் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம். இந்த இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு வராமல் போயிருந்தாலும் வேதபாடம் அந்த வாரத்தோடு கலைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஆறு நாட்களையும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். முதல் நாளின் வெளிச்சத்துக்கு நேர் கீழே நான்காம் நாளின் சுடர்கள். இரண்டாம் நாளின் ஆகாயத்துக்கும் நீருக்கும் கீழே ஐந்தாம் நாளின் பறவைகளும் மீன்களும். மூன்றாம் நாளின் தரைக்குக் கீழே ஆறாம் நாளின் மிருகங்களும் மனிதரும். முதல் மூன்று நாட்களில் இடம் ஆயத்தமாகிறது, அடுத்த மூன்று நாட்களில் அந்த இடம் நிரப்பப்படுகிறது என்பதை அந்தத் தாள்கள் எங்களுக்குச் சொல்லாமலே காட்டின. ஏதேனிலிருந்து பிரிந்த பைசோன், கீகோன், இதெக்கேல், ஐபிராத்து ஆகிய நான்கு ஆறுகளின் பெயர்களுக்குக் கீழே தாமிரபரணி என்றும் ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதை அழிக்க வேண்டாமென்று பெரியவரே சொல்லிவிட்டார்.

இரண்டாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை எங்களுக்குத் திறந்து காட்டியவர், வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயி அண்ணாச்சி. இன்னும் மழையும் பெய்யவில்லை, நிலத்தைப் பண்படுத்த ஆளும் இல்லை, ஆகையால் செடிகொடிகள் முளைக்கவில்லை என்ற இடத்தை வாசித்தபோது, “ரெண்டுல ஒண்ணு இல்லாட்டாலும் தரிசுதானய்யா” என்றார். மனுஷன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று சொல்லும் பதினைந்தாம் வசனத்தை, பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளச் சொல்லும் முதலாம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று அவர் அன்று வற்புறுத்தியதைக் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறோம்.

பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கிலிருந்து திருவிவிலியத்தோடு வந்த அருட்சகோதரி, நினிவேயில் அசீரிய மன்னர் அசுர்பானிபாலின் நூலகத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு, ஜார்ஜ் ஸ்மித் 1876இல் மொழிபெயர்த்து வெளியிட்ட பாபிலோனியப் படைப்புக் கதையைச் சொன்னார். அதில் மார்தூக் என்ற தெய்வம், கடலின் தெய்வமாகிய தியாமத்தைப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறது. தெய்வங்களின் வேலைச் சுமையை ஏற்பதற்காகவே, தியாமத்தின் படைத்தலைவனாயிருந்து கொல்லப்பட்ட கிங்கு என்ற தெய்வத்தின் இரத்தத்திலிருந்து மனிதர் உண்டாக்கப்படுகிறார்கள். ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம், யூதர் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட பாபிலோன் சிறையிருப்பை ஒட்டிய காலத்தில் இன்றைய வடிவம் பெற்றது என்று வேதாகம அறிஞர் பலர் கருதுவதை அவர் விளக்கியபோது, அடிமைகளாயிருந்தவர்களுக்கு ‘நீ தேவசாயல், உனக்கு ஓய்வுநாள் உண்டு’ என்பது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தோம். சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி ஒருவர், வார விடுமுறை இல்லாத தம் வேலையைப் பற்றி அப்போதுதான் பேசினார். (கடைகளில் நிற்பவர்கள் உட்காருவதற்கு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.) அருட்சகோதரிக்கும் அந்தத் தம்பிக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார், ஸ்திரீ உருவாக்கப்பட்ட விலா எலும்பைப் பற்றிப் பேசுமுன், ஆணும் பெண்ணும் தேவசாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டதைச் சொல்லும் முதலாம் அதிகாரத்தின் இருபத்தேழாம் வசனத்தை உரக்க வாசிக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தார்கள். அது நல்ல நிபந்தனை. சுண்டலும் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பியும் அவர்களுடைய பொறுப்பில்தான் இருந்தன. ஆதியில் மனிதருக்கு ஆகாரமாகத் தரப்பட்டவை பயிர்களும் கனிகளுமே என்றும், மாமிசத்துக்கு அனுமதி நோவாவின் காலத்தில்தான் வருகிறது என்றும் வாசித்த மாலையில் அவர்கள் முட்டை போண்டா கொண்டுவந்தது தற்செயல் என்றே நம்புகிறோம். மின்சாரம் போனபோதெல்லாம் விளக்கேற்றி வைத்த ஆலயப் பணியாளருக்கும், ஒலிபெருக்கி தந்த வாலிபர் சங்கத்தாருக்கும் நன்றி.

அடுத்ததாக 104ஆம் சங்கீதத்தையும், யோபு 38 முதல் 41 வரையிலான அதிகாரங்களையும் வாசிக்க முடிவு செய்திருக்கிறோம். சங்கீதத்தைப் பெரியவரும் ஆசிரியையும் சேர்ந்து நடத்த இசைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரைந்த தாள்கள் ஞாயிறு பள்ளி அறையிலேயே இருக்கும். படியெடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். காப்பி வந்த எவர்சில்வர் தூக்குகள் இரண்டு பெயர் வெட்டப்படாமல் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
வேதபாடக் குழுவினர் சார்பாக,
குழுச் செயலர்